பழைய மடிப்புக் கயாக்: வாங்குவது முதல் தண்ணீரில் இறக்குவது வரை

மடிப்புக் கயாக் என்பது பிரித்துப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய, துடுப்பால் ஓட்டும் சிறு படகு. பழைய படகு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பியதும் எல்லோர் கண்ணும் மரத்தின் மேல்தான் போகும். கறுத்துப்போன கம்புகள், செதில் செதிலாய் உரியும் வார்னிஷ், விலாச் சட்டம் ஒன்றில் விரிசல். இதைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. மரத்தை அநேகமாக எப்போதும் காப்பாற்றிவிடலாம். படகு பிழைக்குமா என்று சொல்வது அதன் தோல், அதாவது மரச் சட்டகத்தைப் போர்த்தும் ரப்பர் அல்லது பிவிசி அடிப்பகுதியும் துணி மேல்தளமும். வாங்கும்போதும் வேலையைத் தொடங்கும்போதும் தோலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்தப் படகு?

மடிப்புக் கயாக்கின் ஊர் ஜெர்மனியின் பவேரியா. கட்டடக்கலை மாணவரான ஆல்ஃபிரட் ஹோய்ரிக் 1905-இல் மூங்கிலும் துணியும் கொண்டு ஒரு படகு செய்து இசார் ஆற்றில் ஓட்டினார். ரோசன்ஹைம் ஊரின் தையல்காரர் யோஹான் கிளெப்பர் அந்தப் படகைச் செய்யும் உரிமத்தை அவரிடம் வாங்கி 1907 முதல் படகுகளைச் செய்து விற்றார். ரயிலில் பையோடு ஏறி, ஆற்றங்கரையில் இறங்கி, படகைக் கோர்த்து ஓட்டலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மடிப்புக் கயாக்குக்குத் தனிப் போட்டிகளே நடந்தன. ஹம்பர்கைச் சேர்ந்த ஒஸ்கார் ஷ்பெக் 1932-இல் டான்யூப் ஆற்றில் இப்படிப்பட்ட படகில் கிளம்பி, இலங்கை, இந்தியக் கரைகள் வழியாக 1939-இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். 1956-இல் ஹன்னஸ் லிண்டமன் கிளெப்பர் ஏரியஸ் ஒன்றில் தனியாக அட்லாண்டிக்கை 72 நாளில் கடந்தார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு படகுகளைச் சொல்வோம். ஒன்று, இருவர் அமரும் கிளெப்பர் ஏரியஸ் 2. நீளம் 5.20 மீட்டர், அகலம் 87 செ.மீ., எடை 30 கிலோவுக்குச் சற்று மேல். நீளக் கம்புகள் ஆஷ் மரம், விலாக்கள் பிர்ச் பிளைவுட். இருபக்கமும் தோலுக்குள் காற்றுக் குழாய் ஓடும். மற்றது, கிழக்கு ஜெர்மனியில் பூக் ஊரில் செய்த ஆர்இசட் 85. நீளம் 5.50 மீட்டர், அகலம் பெயரிலேயே இருக்கிறது, 85 செ.மீ. அடித்தோல் பிவிசி. இது ஏரியஸைவிட மலிவாகக் கிடைக்கும், உதிரியும் எளிதில் அகப்படும். உலகப் போருக்கு முந்தைய படகுகள் அழகானவைதான். ஆனால் அவற்றில் காற்றுக் குழாய் இராது, ரப்பரும் பெரும்பாலும் செத்திருக்கும். முதல் படகாக அதை எடுக்க வேண்டாம். ஜெர்மன் விற்பனைத் தளங்களில் 'ஃபால்ட்போட்' (மடிப்புப் படகு) என்று தேடினால் இவையெல்லாம் வரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

விற்பவரிடம் படகைக் கோர்த்துக் காட்டச் சொல்லுங்கள். புகைப்படம் மட்டும் போதாது. கோர்த்து நிற்கும் படகில் எல்லா உறுப்பும் இருக்கிறதா, தோல் சட்டகத்துக்குப் பொருந்துகிறதா என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்துவிடும். விலாக்களில் எண் இருக்கும். எண் தொடர்ச்சியாக இருக்கிறதா, ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். இரண்டு படகின் உறுப்புகளைக் கலந்து விற்பது நடக்கிற காரியம்.

அடுத்து தோல். இவற்றை அங்கேயே செய்துவிடலாம்:

1. அடித்தோலை விரல்களுக்கிடையில் இறுக்கமாக மடித்து, மடிப்பின் முதுகைப் பாருங்கள். மேலோட்டமான மெல்லிய வெடிப்பு பரவாயில்லை. வெடிப்புக்குள் துணி இழை தெரிந்தால் ரப்பரின் ஆயுள் முடிந்துவிட்டது. ஒட்டுப் போட்டாலும் அடுத்த மடிப்பில் வெடிக்கும்.

2. மேல்தளத்தின் பருத்தித் துணியை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து எதிரெதிரே இழுங்கள். 'சரக்' என்று கிழிந்தாலோ, நகத்தால் சுரண்டும்போது இழை பொடியாய் உதிர்ந்தாலோ துணி மக்கிவிட்டது. கரும்புள்ளி மட்டும் இருந்து துணி பலமாக இருந்தால் வாங்கலாம்.

3. மேல்துணியும் அடித்தோலும் சேரும் தையல் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். துணி நன்றாக இருந்தும் நூல் மட்டும் மக்கியிருப்பது அடிக்கடி காணக்கூடியது. இது கையால் சரிசெய்யக்கூடிய குறை.

4. உள்ளே, அடிப்பலகையின் நேர்கீழே தடவிப் பாருங்கள். பல வருட மணல் அங்கேதான் அரைத்திருக்கும்.

தோல் தேறாது என்றால் அந்தப் படகின் விலை சட்டகத்தின் விலை மட்டுமே. பழைய ஏரியஸ், பூக் சட்டகங்களுக்குப் புதுத் தோல் தைத்துத் தருகிறார்கள். அதன் விலை பழைய படகு முழுவதையும் வாங்கும் விலையைப் பலமுறை தாண்டும். இதைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

வேலைக்கு முன் ஒருமுறை கோர்த்துவிடுங்கள்

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். முதலில் தோல் இல்லாமல் சட்டகத்தை மட்டும் கோர்த்துப் பாருங்கள். எந்தக் கொக்கி எங்கே மாட்டுகிறது, எந்த விலா ஆடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து, எண் அழிந்த உறுப்புகளில் பென்சிலால் எழுதிவையுங்கள். வார்னிஷ் உரித்தபின் ஒரே மாதிரி தெரியும் கம்புகளில் வலது எது, இடது எது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பிறகு தோலோடு கோர்த்துப் பாருங்கள். பல வருடம் சுருட்டியே கிடந்த தோல் சுருங்கியிருக்கும். அடிப்பலகையின் இரு பாதிகளும் நடுவில் சேரவே சேராது. ஜாக்கியோ நெம்புகோலோ வைத்து அழுத்தினால் முறிவது பெரும்பாலும் அடிப்பலகையின் கீல்தான். வெயில் உள்ள நாளில் தோலைப் புல்வெளியில் விரித்து இரண்டு மணி நேரம் சூடேற விடுங்கள். பாதி சேர்ந்த நிலையில் சட்டகத்தை உள்ளேயே விட்டு, அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். துணியை நனைத்தால் இளகும் என்று நம்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். நெய்த பருத்தி நனைந்தால் இழை பருத்து இன்னும் இறுகும். உலர்ந்த சூடுதான் உதவும்.

மரவேலை

வார்னிஷை உரிக்கச் சுரண்டிதான் நல்லது. ரசாயன உரிப்பான் பிளைவுட்டின் பசைக்குள்ளும் உலோகப் பொருத்திகளின் அடியிலும் தங்கி, பின்னால் புது வார்னிஷைத் தூக்கிவிடும். சுரண்டியபின் 120 எண் உப்புத்தாள், பிறகு 180, கடைசியாக 240. எப்போதும் மரத்தின் இழை ஓடும் திசையில் தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

கறுப்புக் கறைகளுக்கு ஆக்சாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 முதல் 60 கிராம் கரைத்து, வார்னிஷ் முற்றிலும் போன மரத்தில் தூரிகையால் பூசி, 20 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். இது நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்தபின் அதன் பொடி மூக்கில் ஏறக் கூடாது. பிர்ச் விலாக்களை ஊறவைக்காதீர்கள், பூசிக் கழுவினால் போதும். பிறகு நிழலில் பல நாள் காயட்டும்.

முறிந்த நீளக் கம்பைச் சாய்வெட்டு இணைப்பால் சேர்க்கலாம். கம்பின் தடிமனைப் போல் குறைந்தது 8 மடங்கு நீளத்துக்குச் சாய்வு வேண்டும். 16 மி.மீ. கம்பு என்றால் 128 மி.மீ. சாய்வு. 10 மடங்கு, அதாவது 160 மி.மீ. எடுத்தால் இன்னும் உத்தமம். நேராக வெட்டி முட்டுக்கு முட்டு ஒட்டினால் முதல் அலையிலேயே விட்டுவிடும். முதலில் இரு முகத்திலும் வெறும் எபாக்ஸியைப் பூசுங்கள், மரம் குடிக்கட்டும். பத்து நிமிடம் கழித்து, மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைத் தடவிச் சேருங்கள். க்ளாம்பை நெரித்து இறுக்க வேண்டாம். பசை முழுக்க வெளியே பிதுங்கிவிட்டால் இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. பிளாஸ்டிக் தாள் சுற்றி 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். புதுத் துண்டு சேர்ப்பதென்றால் இழை நேராக ஓடும் ஆஷ் கட்டையைத் தேர்ந்தெடுங்கள். இழை பக்கவாட்டில் வழுகி ஓடும் கட்டை அங்கேயே பிளக்கும்.

அடுக்குப் பிரிந்த பிளைவுட் விலாவுக்கு ஊசி இல்லாத சிரிஞ்சால் எபாக்ஸியைச் செலுத்தி, இருபுறமும் பிளாஸ்டிக் தாளும் பலகையும் வைத்து இறுக்கலாம். தளர்ந்த ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, அதே விட்டத்தில், அதே உலோகத்தில் புதியதைப் போடுங்கள். அலுமினியப் பொருத்தியில் இரும்பு ரிவெட் போட்டால், உப்புத் தண்ணீர் பட்டதும் அலுமினியம் வெள்ளைப் பொடியாய் அரித்துப்போகும்.

வார்னிஷ், புற ஊதா தாங்கும் படகு வார்னிஷாக இருக்கட்டும். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மரத்துக்குள் இறங்க விடுங்கள். இரண்டாவதில் கால் பங்கு. அதன்பின் கலக்காமல் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். கம்பு நுழையும் உலோகக் குழலுக்குள் போகும் பகுதியிலும், விலாவில் கம்பு கவ்வும் பள்ளத்திலும் இரண்டு பூச்சோடு நிறுத்துங்கள். எல்லா இடத்திலும் ஐந்து பூச்சு பூசிய பளபளப்பான சட்டகம், பிறகு கோர்க்கவே வராமல் போவது புதியவர்களுக்கு நேரும் பொதுவான ஏமாற்றம். அந்த இடங்களில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

தோல்வேலை

முதலில் இது ரப்பர் வகையா, பிவிசியா என்று தெரிய வேண்டும். உள்பக்கம் மறைவான ஓர் இடத்தில் பஞ்சில் ஒரு துளி அசிட்டோன் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் பிவிசி. மாறாமல் இருந்தால் ரப்பர் அல்லது ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர். பிவிசிக்கு இருகூறு பாலியூரித்தேன் பசை, ரப்பருக்கும் ஹைப்பலானுக்கும் கெட்டியாக்கி கலந்த நியோப்பிரீன் பசை. மாற்றி ஒட்டினால் ஒட்டு ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு நகத்தால் உரிக்க வரும். சைக்கிள் டியூப் பசை எதற்கும் ஆகாது. பழைய உரிமையாளர் சிலிகான் பூசியிருந்தால் அந்த இடத்தை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க எளிய வழி: இரவில் கோர்த்த படகுக்குள் பிரகாசமான விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். ஊசித்துளைகள் புள்ளியாய்த் தெரியும். சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்படியும் அகப்படாத கசிவுக்கு, படகை இரண்டு அகலமான தாங்கிகளில் வைத்து உள்ளே மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றி, மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். அதற்கு மேல் ஊற்றினால் எடையில் சட்டகம் வளையும்.

ஒட்டுப்போடும் முறை:

1. ஒட்டுத் துண்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 4 முதல் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை இருந்தால் உரிவது அங்கிருந்துதான் தொடங்கும்.

2. ரப்பரில் இரு முகத்தையும் 100 எண் உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும் வரை தேய்த்து, பசைக்குரிய கரைப்பானால் துடைத்துக் காயவிடுங்கள். பிவிசியைத் தேய்க்க வேண்டாம், கரைப்பானால் துடைத்தாலே போதும்.

3. பசையை மெல்லிய படலமாக இருபுறமும் பூசி, 20 முதல் 30 நிமிடம் காயவிடுங்கள். இரண்டாவது பூச்சைப் பூசி, விரல் முதுகால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருந்தும் விரலோடு வராத பதம் வரும்வரை காத்திருங்கள்.

4. நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்று வெளியேறும்படி ஒட்டி, சிறு உருளையால் பலமாக அழுத்துங்கள். 24 மணி நேரம் மடிக்க வேண்டாம்.

மழை நாளிலும் ஈரமான நிலவறையிலும் இந்த வேலை செய்யாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பசை மேல் படியும். ஒட்டு தோற்பதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். நீண்ட கிழிசல் என்றால் முதலில் பாலியெஸ்டர் நூலால் விளிம்புகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளும் புறமும் ஒட்டுப் போடுங்கள். மக்கிய தையலை மறுபடி தைக்கும்போது பழைய துளைகளிலேயே ஊசியை விடுங்கள். புதுத் துளை போட்டால் துணி அந்த வரிசையில் கிழியக் காத்திருக்கும்.

மேல்துணியை மென்மையான தூரிகையாலும் சாதாரண சோப்பாலும் கழுவலாம். பிளீச்சிங் கூடாது, பருத்தியும் நூலும் பலமிழக்கும். நன்றாகக் காய்ந்தபின் பருத்திக் கூடாரத்துக்கு விற்கும் நீர்க்காப்புத் திரவத்தைப் பூசுங்கள். ஒட்டு வேலை எல்லாம் முடிந்தபின்தான் இது.

காற்றுக் குழாய்களில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். பெரும்பாலும் வால்வின் அடியில்தான் கசியும். குழாயையே மாற்றுவது கடினமான வேலை இல்லை. பழையதன் முனையில் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்து, அதே கயிற்றால் புதியதை உள்ளே இழுக்கலாம்.

கோர்ப்பது

புல்தரை வேண்டும், மணல் வேண்டாம். இந்த வரிசை ஏரியஸுக்கு. மற்ற படகுகளும் அடிப்படையில் இப்படித்தான்.

தோலை மேல்தளம் மேலே இருக்கும்படி விரியுங்கள். காற்றுக் குழாய்களில் துளி காற்றும் இருக்கக் கூடாது. முன்பாதிச் சட்டகத்தை வெளியே விரித்து, முனைப் பக்க விலாக்களை மாட்டி, தோலின் அணியம் (முன்முனை) வரை தள்ளுங்கள். முனைகளில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் சிக்காது. பின்பாதியையும் அப்படியே. இப்போது நடுவில் இரண்டு அடிப்பலகைகளும் கூரை போல் மேல்நோக்கி நிற்கும். கொக்கியைச் சேர்த்து, உள்ளங்கையால் கீழே அழுத்துங்கள். பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். விரல்களை இணைப்புக்கு அருகே வைக்கக் கூடாது. பிறகு நடு விலாக்கள், உட்காரும் திறப்பைச் சுற்றிய வாய்ச்சட்டம், இருக்கை, சுக்கான்.

இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி மிஞ்சிப் பூட்டவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். முனை உள்ளே தையலில் மாட்டியிருக்கும், அல்லது சட்டகம் ஒருபக்கம் திரும்பியிருக்கும், அல்லது குழாயில் காற்று மிச்சமிருக்கும். மூன்றையும் பார்த்தால் காரணம் கிடைத்துவிடும்.

கடைசியாகக் காற்று. வாயால் ஊதுவது போதும், பம்ப் வேண்டாம். தையல் பிரியும். இருபக்கமும் மாற்றி மாற்றி ஊதினால் தோல் சீராக இறுகும். பிரிக்கும்போது தலைகீழ் வரிசை: முதலில் காற்றை வெளியேற்றுங்கள். காற்றோடு விலாவைப் பிடுங்கினால் பிளைவுட் உடையும்.

தண்ணீரில்

படகு தண்ணீரில் முழுக்க மிதக்கும்போதுதான் ஏற வேண்டும். பாதி கரையில், பாதி நீரில் இருக்கும்போது ஏறி உட்கார்ந்தால் உங்கள் எடை அடிப்பலகையின் நடு இணைப்பில் இறங்கும். படகை இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். காலின் மணலைக் கழுவிவிட்டு ஏறுங்கள்.

87 செ.மீ. அகலப் படகுக்கு இருமுனைத் துடுப்பு 240 முதல் 260 செ.மீ. நீளம் வேண்டும். குட்டையானதை வாங்கினால் கை படகின் விளிம்பில் இடிக்கும். தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பித் துடுப்பை வலிக்க வேண்டும், முழங்கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் கை சோர்ந்துவிடும். இருவர் போகும்போது முன்னால் இருப்பவர் வேகத்தை வைப்பார், பின்னால் இருப்பவர் அதற்கு ஒத்து வலித்துச் சுக்கானையும் பார்ப்பார்.

இந்தப் படகுகள் எளிதில் கவிழாது. ஆனால் உயரமான பக்கமும் குறைந்த எடையும் இருப்பதால் காற்று தள்ளிக்கொண்டு போகும். தனியாகப் போகும்போது சாமான்களை முன்னால் வையுங்கள். காற்று எதிரே இருக்கும்போதே கிளம்புங்கள், திரும்பும்போது துணையாக வரும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கக் கூடாது. கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து, வெளியே வந்து, ஒருவர் எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க மற்றவர் ஏறிப் பழகுங்கள். நீர் நிரம்பிய படகைத் தூக்காதீர்கள், முதலில் இறைத்துவிடுங்கள். காற்றுக் குழாய் இல்லாத பழைய படகில் முன்னும் பின்னும் மிதவைப் பைகளைத் திணித்துக் கட்டாயம் கட்டிவையுங்கள்.

ஜெர்மனியில் தொடங்க நல்ல ஆறு ஆல்ட்ம்யூல். மெதுவாக ஓடும். லான் ஆறும் நல்லது. அதன் கரையிலுள்ள வைல்புர்க் ஊரில் 1847-இல் திறந்த சுரங்கக் கால்வாய் வழியாகப் படகோடே போகலாம். இரண்டிலும் தடுப்பணைகள் உண்டு. அணைக்குக் கீழே நீர் பின்னோக்கிச் சுழன்று ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் கரையேறித் தூக்கிச் செல்லுங்கள். வடக்கே மெக்லென்புர்க் ஏரிகளில் ம்யூரிட்ஸ்தான் மிகப் பெரியது, காற்றில் அலை எழும். கரையோரமாகவே போகவும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அகலமான துணி ஒட்டுநாடா, இரண்டு ஒட்டுத் துண்டு, பசை, கம்பு முறிந்தால் மேலே போர்த்திக் கட்ட நெடுக்கே பிளந்த 20 செ.மீ. அலுமினியக் குழாய், இரண்டு குழாய்க் கிளிப், ஒரு பெரிய ஸ்பாஞ்ச்.

திரும்பி வந்தபின்

கடலில் போயிருந்தால் நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். முனைகளில் சேரும் மணலைக் கொட்ட, தோலை உள்வெளியாகத் திருப்புங்கள். மேல்துணியின் தையல் மடிப்புதான் கடைசியாகக் காயும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுருட்டுங்கள். இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, எலி வராத, வெப்பம் ஏறாத இடத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது கோர்த்துச் சில நாள் நிறுத்திவைத்தால் தோல் சுருங்காது.